கால் வீங்கினால் இதயம் பழுதா? பிரஷர் குளிசையை நிறுத்திய அப்பாவும் ஒரு மகளின் கேள்விகளும்

திருகோணமலையில் இருந்து, நிலாவெளி வீதியோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்த 31 வயது மகள் ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அதன் சாரம் இது.

அவருடைய அப்பாவுக்கு 58 வயது. கருவாட்டு வாடி நடத்துகிறார். 7 வருடங்களுக்கு முன் பிரஷர் 170/100 என்று கண்டுபிடித்தார்கள். அன்று முதல் அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். பிரஷருக்கு லொசாட்டன் 50 மில்லிகிராம், அம்லோடிப்பின் 5 மில்லிகிராம், கொலஸ்ட்ரோலுக்கு அற்றோவஸ்ரட்டின் 20 மில்லிகிராம் என்று கொப்பியில் இருக்கிறது. ஏறத்தாழ மூன்று மாதங்களுக்கு முன் பிரஷர் குறையவில்லை என்று அம்லோடிப்பினை 10 ஆகக் கூட்டினார்கள். இரத்தப் பரிசோதனை, ஈ.சீ.ஜி., எக்கோ (இதய ஸ்கான்) மூன்றும் அப்போதுதான் செய்யப்பட்டன.

குளிசை கூடி இரண்டு வாரத்தில் பின்னேரமானால் இரண்டு கணுக்கால்களும் வீங்கத் தொடங்கின. அயலவர் ஒருவர் "இது இதயம் பழுதாகிற வீக்கம்" என்று சொல்ல, பாமசியில் சலம் போக வைக்கும் புரூசிமைட் 40 மில்லிகிராம் வாங்கி இரண்டு வாரம் குடித்திருக்கிறார். வீக்கம் பெரிதாக வற்றவில்லை. கெண்டைக்கால் பிடிப்பும் தலைச்சுற்றும் வந்ததுதான் மிச்சம். வெறுத்துப்போய் எல்லாக் குளிசையையும் நிறுத்திவிட்டார். ஐந்து வாரம் ஆகிறது. வீக்கம் போய்விட்டது, அதனால் தான் செய்தது சரி என்று நினைக்கிறார். ஆனால் போன கிழமை மகள் அளந்தபோது 178/104. இதற்கிடையில் முழங்கால் வலிக்கு ஆறு மாதமாக, அநேகமான நாட்களில் காலையும் இரவும் டைக்குளோபெனக் 50 எடுக்கிறார். கிளினிக்கில் இதைச் சொன்னதே இல்லை.

அப்பப்பா 63 வயதில் "நெஞ்சில் தண்ணி கட்டி" இறந்தவர். எக்கோ அறிக்கையில் இதயச் சுவர் தடித்திருக்கிறது, முதலாம் தர விரிவுக் குறைபாடு என்று எழுதியிருப்பதைப் பார்த்து வீடே பயந்துபோயிருக்கிறது. மகளின் முக்கியமான கேள்விகள் நான்கு: அப்பாவுக்கு இதயச் செயலிழப்பு தொடங்கிவிட்டதா? குளிசைகள் சிறுநீரகத்தைப் பழுதாக்குமா? வெளியில் காசு கொடுத்து நல்ல குளிசை வாங்கலாமா? நிறுத்தியதைச் சொன்னால் கிளினிக்கில் ஏசுவார்களே, எப்படித் திரும்பிப் போவது?

அன்புள்ள மகளுக்கு,

நீங்கள் பரிசோதனை எண்களையெல்லாம் ஒன்றுவிடாமல் எழுதி அனுப்பியது பெரிய உதவி. அவற்றை வைத்துச் சொல்கிறேன்: நீங்கள் அனுப்பிய விவரங்களின்படி அப்பாவுக்கு இன்னும் இதயச் செயலிழப்பு இல்லை. ஆனால் அதற்குப் போகிற பாதையில் ஒரு படி வைத்துவிட்டார். அந்தப் படியில் இருந்து பின்னுக்கு இறங்க முடியும். அதற்கான குளிசைகளைத்தான் அவர் நிறுத்தி வைத்திருக்கிறார்.

முதலில் செய்ய வேண்டியது, அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திராமல் நாளையோ நாளன்றைக்கோ அவரைக் கொப்பியோடு வைத்தியசாலைக்குக் கூட்டிக்கொண்டு போவது. திகதி இல்லையென்றால் வெளிநோயாளர் பிரிவில் காட்டலாம். வீட்டிலேயே பழைய அளவில் எல்லாவற்றையும் ஒரே நாளில் திரும்பத் தொடங்க வேண்டாம். காரணம், புரூசிமைட்டும் டைக்குளோபெனக்கும் சேர்ந்து நடந்த அந்த நாட்களுக்குப் பிறகு அவருடைய சிறுநீரகமும் பொட்டாசியமும் எப்படி இருக்கின்றன என்று யாரும் பார்க்கவில்லை. கிரியற்றினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறதென்று காட்டும் எண்), பொட்டாசியம், சோடியம் மூன்றையும் ஒருமுறை பார்த்துக்கொண்டு தொடங்குவது நல்லது. டைக்குளோபெனக்கை மட்டும் இன்றைக்கே நிறுத்துங்கள். அதை நிறுத்த யாரையும் கேட்கத் தேவையில்லை.

எக்கோ சொல்வது என்ன

கரைவலை இழுப்பவரின் தோள் தசை திரண்டு கிடப்பது போல, கூடிய அமுக்கத்துக்கு எதிராக வருடக்கணக்கில் இரத்தத்தைத் தள்ளும் இடது கீழறையின் சுவரும் தடிக்கிறது. தோளுக்கு அது பலம். இதயத்துக்கு அது சுமை. தடித்த சுவர் விறைக்கும். விறைத்த அறை தளர்ந்து விரிந்து இரத்தத்தை ஏற்கத் தயங்கும். ஏற்காத இரத்தம் பின்னோக்கி நுரையீரலில் தேங்கும்போதுதான் மூச்சு வாங்கும். அப்பப்பாவுக்கு "தண்ணி கட்டியது" என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இதன் கடைசிக் கட்டமாக இருக்கலாம்.

அப்பாவின் அறிக்கையில் சுவரின் தடிப்பு 13 மில்லிமீற்றர். ஆண்களுக்கு 10 வரை சாதாரணம். 11 முதல் 13 வரை இலேசான தடிப்பு. வெளித்தள்ளும் விகிதம் 62 சதவீதம். இது முற்றிலும் நல்ல எண். 100 சதவீதத்துக்கு 62 என்று வாசித்து, பாதி இதயம் போய்விட்டதென்று பயப்பட வேண்டாம். ஆரோக்கியமான இதயமும் ஒரு துடிப்பில் தன்னிடமுள்ள இரத்தத்தில் ஏறத்தாழ 55 முதல் 70 சதவீதத்தைத்தான் வெளியே தள்ளும். முதலாம் தர விரிவுக் குறைபாடு என்றால் இதயம் கொஞ்சம் மெதுவாகத் தளர்கிறது என்று பொருள். இந்த வயதில், பிரஷர் இல்லாத பலருடைய எக்கோவிலும் இதை எழுதியிருப்பார்கள். தனியே அதை வைத்து இதயச் செயலிழப்பு என்று யாரும் முடிவு செய்வதில்லை.

இதயச் செயலிழப்பை மருத்துவத்தில் நான்கு கட்டமாகப் பார்க்கிறார்கள். பிரஷரோ சீனி வருத்தமோ இருந்து, இதயம் இன்னும் மாறாமல் இருப்பது முதற் கட்டம். இதயத்தில் மாற்றம் வந்தும் அறிகுறி இல்லாதது இரண்டாவது. மூச்சு வாங்குதல், வீக்கம், களைப்பு என்று அறிகுறி வந்துவிட்டால் மூன்றாவது. மருந்துக்கும் அடங்காதது நான்காவது. கோணேசர் கோயில் ஏற்றத்தை அப்பா நிற்காமல் ஏறுகிறார், ஒற்றைத் தலையணையில் படுக்கிறார், இரவில் மூச்சுமுட்டி எழும்புவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் இரண்டாவது கட்டத்தில் நிற்கிறார். மருந்தால் ஆகக்கூடிய பலன் கிடைப்பது இந்தக் கட்டத்தில்தான்.

தடித்த சுவர் மெலியுமா என்றால், மெலியும். இதை நேராகவே சோதித்திருக்கிறார்கள். பிரஷரோடு ஈ.சீ.ஜி.யில் இதயத் தடிப்பும் இருந்த 9,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்திய லைஃப் ஆய்வு 2002இல் வெளியானது. ஒரு பாதியினருக்கு லொசாட்டன், மறு பாதியினருக்கு வேறு வகைப் பிரஷர் மருந்தான அட்டெனலோல். இரண்டு பக்கமும் பிரஷர் ஏறத்தாழ ஒரே அளவுக்குக் குறைந்தது. ஆனால் லொசாட்டன் எடுத்தவர்களுக்குத் தடிப்பு கூடுதலாகக் குறைந்தது. பாரிசவாதம் நாலில் ஒரு பங்கு குறைவாக வந்தது. கிளினிக்கில் இலவசமாகக் கிடைக்கும் சாதாரணக் குளிசை என்று அப்பா நினைக்கும் அந்த லொசாட்டன், அவருடைய இதயத்துக்கென்றே சோதிக்கப்பட்டது போன்ற மருந்து.

கால் வீக்கம் எங்கிருந்து வந்தது

அயலவரில் பிழை சொல்ல முடியாது. கால் வீக்கம் என்றால் இதயம் என்றுதான் எல்லோரும் நினைப்போம். ஆனால் உங்கள் கடிதத்தில் உள்ள நாட்களைப் பாருங்கள்: அம்லோடிப்பின் 10 ஆன இரண்டு வாரத்தில் வீக்கம், நிறுத்தியதும் போய்விட்டது. அம்லோடிப்பின் சிறு நாடிகளை நன்றாக விரிக்கும். அதே அளவுக்கு நாளங்களை விரிக்காது. அதனால் மயிர்த்துளைக் குழாய்களில் அமுக்கம் கூடி நீர் வெளியே கசிந்து, நாள் முழுக்க நிற்பவரின் கணுக்காலில் சேரும். உடம்பில் நீர் கூடியதால் வந்த வீக்கம் இல்லை இது, நீர் இடம் மாறியதால் வந்தது. ஆகவேதான் சலம் போக வைக்கும் புரூசிமைட்டுக்கு அது வற்றவில்லை. இரத்தத்தில் இருந்த நீரும் பொட்டாசியமும்தான் போயின. கெண்டைக்கால் பிடிப்பும் தலைச்சுற்றும் அப்படி வந்தவையாகவே இருக்கும்.

இந்த வீக்கம் 5 மில்லிகிராமில் குறைவு, 10இல் அதிகம். பின்னேரம் கூடி, இரவு கால் நீட்டிப் படுத்தால் காலையில் குறையும். இதயத்தால் வரும் வீக்கம் பெரும்பாலும் தனியே வராது. கூடவே மூச்சு வாங்கும், தலையணை இரண்டு மூன்று வேண்டியிருக்கும், நடுச்சாமத்தில் எழுந்து உட்கார வைக்கும், நிறை மளமளவென்று ஏறும். மூன்று நாளுக்குள் 2 கிலோ ஏறினால் அது கொழுப்பாக இருக்க முடியாது; நீர்தான்.

ஆனாலும் ஒன்று. வீக்கத்தின் காரணத்தை வீட்டில் இருந்து நாமே தீர்மானிப்பது சரியில்லை. சிறுநீரகம், ஈரல், ஒரு காலில் மட்டும் வந்தால் நாளத்தில் இரத்தக் கட்டி என்று வேறு காரணங்களும் உண்டு. "இந்தக் குளிசை கூடியதற்குப் பிறகு வீங்கியது" என்று சொன்னாலே போதும், வைத்தியருக்கு விளங்கிவிடும்.

குளிசைகளை எப்படி மாற்றிக் கேட்கலாம்

மாற்றிக் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. பக்கவிளைவு வந்தால் குளிசையை மாற்றத்தான் கிளினிக் இருக்கிறது. வைத்தியர் யோசிக்கக் கூடிய வழிகளைச் சொல்கிறேன். எது அப்பாவுக்கு என்பதை அவரைப் பார்க்கும் வைத்தியரே முடிவு செய்வார்.

அம்லோடிப்பினை 5க்கு இறக்கி, லொசாட்டனை 50இல் இருந்து 100 ஆக்குவது ஒரு வழி. லொசாட்டன் நாளங்களையும் விரிப்பதால், இரண்டும் சேரும்போது கால் வீக்கமும் குறையும். அப்படியும் எண் இறங்காவிட்டால் தயசைட் எனப்படும் சலம் போகும் குளிசை வகையில் ஹைட்ரோகுளோரோதயசைட் 12.5 அல்லது 25 மில்லிகிராம், இல்லையென்றால் இண்டப்பமைட் சேர்க்கலாம். நான் இதை விரும்பிச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2002இல் வெளியான ஆல்ஹட் என்ற பெரிய அமெரிக்க ஆய்வில் தயசைட் வகையைச் சேர்ந்த குளோர்தலிடோனையும் அம்லோடிப்பினையும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பில் வித்தியாசம் இல்லை. இதயச் செயலிழப்பு மட்டும் ஆறு வருடத்தில் அம்லோடிப்பின் பக்கம் 10.2 சதவீதம், குளோர்தலிடோன் பக்கம் 7.7 சதவீதம். அம்லோடிப்பின் கெட்ட மருந்து என்று இதற்கு அர்த்தமில்லை; பாரிசவாதத்தைத் தடுப்பதில் அது நல்ல மருந்து. இதயச் செயலிழப்பைத் தடுப்பதில் அது தயசைட் அளவுக்கு இல்லை என்பதுதான் அர்த்தம்.

இன்னொன்றும் தெரிந்திருக்கட்டும். ஒரே குளிசையை இரட்டிப்பதால் குறையும் பிரஷரை விட, வேறு வகைக் குளிசை ஒன்றைச் சிறு அளவில் சேர்ப்பதால் குறையும் பிரஷர் அதிகம், பக்கவிளைவும் குறைவு. "ஒரு குளிசையோடு விடுங்கோ டொக்டர், மூன்று வேண்டாம்" என்று அப்பா மல்லுக்கட்டினால் இதை அவருக்குச் சொல்லுங்கள்.

தயசைட் சேர்த்தால் இரண்டு முதல் நாலு வாரத்தில் சோடியம், பொட்டாசியம் பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மாதங்களில் வாடியில் வெயிலில் நிற்பவருக்கு இது முக்கியம். எழும்பும்போது தலைசுற்றினால் குளிசையை நிறுத்துவது வழியில்லை. பிரஷரை நின்றபடியும் அளந்து எழுதிக்கொண்டு போய்க் காட்டுங்கள். வாந்தியோ வயிற்றோட்டமோ கடுமையாக வந்தால் மட்டும் கதை வேறு. அந்த ஓரிரு நாளுக்கு லொசாட்டனையும் தயசைட்டையும் நிறுத்தி வைக்கச் சொல்வது வழக்கம். எப்போது நிறுத்துவது, எப்போது திரும்பத் தொடங்குவது என்று முன்கூட்டியே கேட்டுக் கொப்பியில் எழுதி வாங்குங்கள்.

காலையிலா இரவிலா என்றும் கேட்டிருந்தீர்கள். பிரித்தானியாவில் 21,000 பேருக்கு மேல் சேர்த்து நடத்தி 2022இல் வெளியிட்ட ஆய்வில் இரண்டுக்கும் பலனில் வித்தியாசம் இல்லை. அப்பா விடியப்புறம் வாடிக்குப் போகிறவர். அவர் மறக்காத நேரம் எதுவோ அதுதான் சரியான நேரம். தயசைட் மட்டும் காலையில் இருக்கட்டும், இல்லாவிட்டால் இரவில் சலத்துக்கு எழும்ப வேண்டிவரும்.

எவ்வளவுக்கு இறக்குவது? வீட்டில் அளக்கும்போது சராசரி 135/85க்குக் கீழ் வருவது குறைந்தபட்சம். 130/80க்குக் கீழ் வந்தால் இதயத்துக்கு நல்லது. 2015இல் வெளியான ஸ்பிரின்ட் ஆய்வில், சீனி வருத்தம் இல்லாத 9,361 பேரில் மேல் எண்ணை 120க்குக் கீழ் வைத்தவர்களுக்கு, 140க்குக் கீழ் வைத்தவர்களைவிட இதயச் செயலிழப்பு 38 சதவீதம் குறைவாக வந்தது. ஆனால் அவர்களுக்குத் தலைச்சுற்று மயக்கமும் சிறுநீரகத் தொல்லையும் கொஞ்சம் கூடின. அதனால் எண்ணைத் துரத்தித் துரத்தி இறக்காமல், சில மாதங்களில் படிப்படியாக இறக்குவதே நல்லது.

சிறுநீரகத்தைப் பழுதாக்குவது எது

அப்பாவின் பயத்தில் ஒரு பாதி சரி. சிறுநீரகத்தைக் கெடுக்கும் குளிசை ஒன்றை அவர் எடுத்துக்கொண்டுதான் இருந்தார். அது கிளினிக் கொடுத்தது இல்லை, பாமசியில் வாங்கிய டைக்குளோபெனக். அது உடம்பில் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும், பிரஷரை ஏற்றும், லொசாட்டனின் வேலையைக் குறைக்கும். லொசாட்டன், சலம் போகும் குளிசை, டைக்குளோபெனக் மூன்றும் ஒன்றுசேர்ந்தால் சிறுநீரகத்துக்கு ஓடும் இரத்தம் மூன்று பக்கத்தாலும் குறைந்து திடீரென்று செயலிழக்கக்கூடும். புரூசிமைட் குடிக்கத் தொடங்கிய நாட்களில் அப்பா சரியாக அந்த மூன்றையும் ஒன்றாக எடுத்திருக்கிறார். மூன்று மாதத்துக்கு முன் பிரஷர் குறையவில்லை என்று அம்லோடிப்பினைக் கூட்டினார்களே, அதற்கே இந்த டைக்குளோபெனக் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். வைத்தியருக்குச் சொல்லியிருந்தால் 10 மில்லிகிராமும் கால் வீக்கமும் வராமலே போயிருக்கலாம். இபுபுரொபனும் இதே இனம்தான்.

லொசாட்டனோ சிறுநீரகத்தைக் காக்கிற மருந்து. தொடங்கிய அல்லது கூட்டிய ஒன்றிரண்டு வாரத்தில் கிரியற்றினின் கொஞ்சம் ஏறலாம். முன்பிருந்ததைவிட 30 சதவீதம் வரை ஏறினால் பயப்படத் தேவையில்லை. அப்பாவின் 1.1 எண், 1.4 வரை போய் அங்கேயே நின்றால் குளிசையைத் தொடர்வார்கள். அதற்கு மேல் ஏறினால், அல்லது பொட்டாசியம் 5.5ஐத் தாண்டினால், குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள். அதனால்தான் அளவு மாறும்போது இரத்தம் எடுக்கிறார்கள். சலத்தில் அல்புமின் என்ற புரதம் போகிறதா என்றும் ஒருமுறை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இதுவரை பார்க்கப்படவில்லை என்று தெரிகிறது.

முழங்காலுக்கு என்ன செய்வது? வலி கூடிய நாட்களில் பரசிற்றமோல் 500 மில்லிகிராம் இரண்டு, நாளைக்கு மூன்று தடவைக்கு மேற்படாமல் எடுக்கலாம். தினமும் முழு அளவில் தொடர்ந்து எடுத்தால் அதுவும் பிரஷரைக் கொஞ்சம் ஏற்றும் என்பதால், வழக்கமாக்க வேண்டாம். தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் நுரைக் குளிசைகளில் சோடியம் நிறைய உண்டு, அவை வேண்டாம். தோலில் பூசும் வலிக் களிம்பு உடம்புக்குள் மிகக் குறைவாகத்தான் போகும், முழங்காலுக்கு அது பரவாயில்லை. கதிரையில் இருந்தபடி காலை நீட்டி, பத்து எண்ணும் வரை பிடித்து இறக்கும் தொடைப் பயிற்சியை ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை, காலையும் பின்னேரமும் செய்யச் சொல்லுங்கள். இரண்டு மாதம் விடாமல் செய்தால்தான் பலன் தெரியும்.

நாட்டு மருந்து பற்றிக் கேட்டிருந்தீர்கள். முருங்கையிலையும் உள்ளியும் உணவாகச் சாப்பிடுவதில் தடையில்லை. குளிசைக்குப் பதிலாக வைக்க முடியாது. ஆனால் இருமலுக்கென்று வீட்டில் கொதிக்கவைக்கும் அதிமதுரத்தை அப்பா தொடர்ந்து குடிக்கக் கூடாது. அது பிரஷரை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். மூக்கடைப்புக்கு வாங்கும் சில தடிமன் குளிசைகளும் பிரஷரை ஏற்றும். வாங்கும்போது பிரஷர் இருக்கிறதென்று சொல்லி வாங்குங்கள்.

உப்பும் கருவாடும்

கருவாடு போடுகிற குடும்பத்துக்குக் கருவாடே சாப்பிடாதே என்று சொல்வது நடக்காத காரியம் என்று எனக்குத் தெரியும். ஆனால் கணக்கைப் பாருங்கள். ஒருவருக்கு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது தட்டிய ஒரு தேக்கரண்டி, அதற்குள் நிற்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனம். உப்புப் போட்டுக் காயவைத்த கருவாட்டின் நிறையில் பத்தில் ஒரு பங்கு உப்பாகவே இருக்கலாம். 40 கிராம் துண்டு ஒன்றிலேயே 4 கிராம் வந்துவிடும். அதற்கு மேல் சம்பல், பாண், ஊறுகாய், அப்பளம்.

கிழமையில் ஐந்து நாள் என்று எழுதியிருக்கும் கருவாட்டை ஒரு நாளாக்குங்கள். சமைக்கும் நாளில் சிறு துண்டுகளாக வெட்டி, சுடுதண்ணீரில் அரை மணித்தியாலம் ஊறவிட்டு, தண்ணீரை ஊற்றிவிட்டு இன்னொரு தரம் ஊறவையுங்கள். அந்தக் கறிக்கு வேறு உப்புப் போடக் கூடாது. மற்ற நாட்களில் பச்சை மீன் உங்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. வாடியில் உப்பைக் கையாள்வதால் பிரஷர் ஏறுமா என்ற உங்கள் சந்தேகத்துக்கு: ஏறாது, வாய் வழியே போவதுதான் கணக்கு.

"பிரஷர்காரருக்கான உப்பு" என்று விற்கும் சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். லொசாட்டன் எடுப்பவர் இரத்தத்தில் பொட்டாசியம் பார்க்காமல் அதை வாங்க வேண்டாம். இளநீரும் பொட்டாசியம் நிறைந்தது. சிறுநீரகம் நன்றாக இருக்கும்வரை நாளுக்கு ஒன்று பரவாயில்லை.

வெளியில் வாங்கும் குளிசை நல்லதா

இல்லை, பெயர்தான் வேறு. கிளினிக் லொசாட்டனும் பாமசியில் கூடிய விலைக்கு விற்கும் வணிகப் பெயரும் ஒரே மருந்து. விநியோகம் மாறும்போது நிறமும் வடிவமும் மாறும். அதைப் பார்த்து வேறு மருந்து என்று எண்ணி, இரண்டையும் சேர்த்து எடுப்பதுதான் உண்மையான ஆபத்து. மட்டையில் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரையும் மில்லிகிராமையும் கொப்பியோடு ஒத்துப்பாருங்கள். வீட்டில் எனலாப்பிரில் என்ற பிரஷர் குளிசையின் பழைய மட்டை இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அதையும் லொசாட்டனையும் ஒருபோதும் சேர்த்து எடுக்கக் கூடாது. வைத்தியசாலைக்குப் போகும்போது கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். கிளினிக்கில் ஒரு குளிசை தட்டுப்பாடென்று துண்டு எழுதிக் கொடுத்தால், அதே மருந்துப் பெயரில் உள்ள மலிவானதை அரச மருந்தகமான ஒசுசலவிலோ பாமசியிலோ கேட்டு வாங்கலாம். விலையுயர்ந்ததுதான் வேலை செய்யும் என்ற எண்ணத்தில் காசைக் கொட்டினால், கை இறுகும் மாதத்தில் மருந்து நின்றுவிடும்.

ஏச்சுக்குப் பயந்து உண்மையை மறைப்பது

இதைத்தான் நான் மிகவும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நிறுத்தியதைச் சொல்லாமல் அப்பா கிளினிக்கில் போய் நின்றால், வைத்தியர் காண்பது மூன்று குளிசை எடுத்தும் 178 இருக்கிற ஒரு நோயாளியை. நியாயமாக நாலாவது குளிசையை எழுதுவார். வீட்டுக்கு வந்து அப்பா பயத்தில் நாலையும் ஒன்றாக விழுங்கினால் பிரஷர் தடாலென்று விழுந்து மயங்கலாம். ஏச்சு ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும்.

சொல்லத் தயக்கமென்றால் ஒரு துண்டில் எழுதிக் கொப்பிக்குள் வையுங்கள்: அம்லோடிப்பின் 10 ஆன திகதி, கால் வீங்கிய திகதி, புரூசிமைட் எடுத்த நாட்கள், எல்லாம் நிறுத்திய திகதி, டைக்குளோபெனக் எவ்வளவு காலம், வீட்டில் அளந்த எண்கள். வாசிக்க ஒரு நிமிடம்; நெரிசலான கிளினிக்கில் அதுவே பெரிய உதவி. மருந்தின் பெயரையும் எதற்கென்பதையும் தமிழில் கேட்டு அறிவது உங்கள் உரிமை. பரிசோதனை முடிவுகளைக் கொப்பியில் எழுதித் தரும்படி கேளுங்கள், அல்லது கைபேசியில் படம் எடுத்து வையுங்கள். பிரஷர் கட்டுக்குள் வந்த பிறகு, தூரம்தான் கிளினிக்கை விடச் செய்கிறதென்றால், உங்களுக்குக் கிட்டிய பிரதேச வைத்தியசாலைக் கிளினிக்குக்குக் கடிதம் கேட்டு மாற்றிக்கொள்ளலாம்.

அப்பா நிறுத்திய குளிசைகள் நின்றவுடன் பிரஷர் மெதுமெதுவாகப் பழைய நிலைக்கு ஏறும். பிஸோபுரொலோல், அட்டெனலோல் போன்ற வேறு வகைக் குளிசைகள் எப்போதாவது எழுதப்பட்டால் அவற்றைத் திடீரென்று நிறுத்தவே கூடாது. நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம்.

வீட்டில் அளக்கும் முறை

மேற்கையில் கட்டும் மெஷின் போதும். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம். கையின் பருமனுக்கேற்ற பட்டியா என்று பாருங்கள், சிறிய பட்டி எண்ணைக் கூட்டிக் காட்டும். தேத்தண்ணி, சுருட்டு, வேலை எல்லாம் முடிந்து அரை மணித்தியாலம் கழித்து, சலம் கழித்துவிட்டு, முதுகு சாய்ந்து, கால் நிலத்தில் பட, கை மேசையில் இதய மட்டத்தில் இருக்க ஐந்து நிமிடம் பேசாமல் இருக்க வேண்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு தடவை அளந்து இரண்டையும் எழுதுங்கள். காலையில் குளிசைக்கு முன், பின்னேரம் சாப்பாட்டுக்கு முன். ஏழு நாள் செய்து, முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மிச்சத்தின் சராசரியைப் பார்க்க வேண்டும். குளிசை மாறி நாலு வாரம் கழித்து இதைச் செய்தால் போதும். நாளுக்குப் பத்துத் தடவை அளந்தால் பயத்திலேயே எண் ஏறும்.

180/120ஐத் தாண்டி, கூடவே நெஞ்சுவலி, மூச்சுமுட்டல், கை கால் விறைப்பு, வாய்க் கோணல், பேச்சுக் குழறல், பார்வை மங்கல் எதுவும் இருந்தால் 1990 அம்புலன்ஸ் சேவைக்கு அழையுங்கள். எண் மட்டும் கூடி அவர் சும்மா நன்றாக இருந்தால், ஐந்து நிமிடம் கழித்துத் திரும்ப அளந்து அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள். அவசரத்தில் நிபெடிப்பின் என்ற பிரஷர் மருந்தை நாக்கின் கீழ் வைப்பதோ, இரட்டைக் குளிசை கொடுப்பதோ கூடாது. திடீரென்று விழும் பிரஷர் மூளைக்கும் இதயத்துக்கும் போகும் இரத்தத்தை நிறுத்திவிடலாம்.

வெறும் வயிற்றுச் சீனி 112 என்று இருப்பதையும் விட்டுவிடாதீர்கள். 100க்கும் 125க்கும் இடையில் என்றால் சீனி வருத்தத்துக்கு முந்திய நிலை. கடந்த இரண்டு மூன்று மாதச் சீனியின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையை ஒருமுறை பார்க்கட்டும். நிறையை 5 கிலோ குறைத்தால் சீனி, பிரஷர், முழங்கால் மூன்றுக்கும் உதவும்.

கடைசியாக அம்மா. தலைச்சுற்றும் நாட்களில் அப்பாவின் குளிசையில் ஒன்றை அவர் போட்டுக்கொள்வதாகப் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். தலைச்சுற்று பிரஷர் குறைவதாலும் வரும். அப்போது அந்தக் குளிசை அவரை விழுத்திவிடும். அதை நிறுத்தச் சொல்லுங்கள். 35 வயது கடந்தவர்களுக்கு அரச ஆரோக்கிய வாழ்க்கை முறை நிலையங்களில் பிரஷரும் சீனியும் இலவசமாகப் பார்க்கிறார்கள், அம்மாவைக் கூட்டிச் செல்லுங்கள். உங்களுக்கு 31 என்றாலும் இந்தக் குடும்ப வரலாற்றோடு வருடம் ஒருமுறை அளந்துகொள்ளுங்கள். அப்பாவின் லொசாட்டன் வயிற்றில் வளரும் குழந்தைக்குக் கேடு செய்யும். கர்ப்பம் எதிர்பார்க்கும் பெண்கள் அதைத் தொடவே கூடாது.